குரோம் போகும் வழி

சென்னையின் வடகோடியில், கடலை ஒட்டிய சாலையில் திருவொற்றியூரை நெருங்கும்போது காற்றிலேயே உப்புத் தெரியும். தியாகராஜர் கோயில் கோபுரம், மீனவர் குப்பங்கள், துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், இவற்றுக்கு நடுவே பழைய ஆலைகளின் மதில்கள். அந்த மதில்களில் ஒன்றுக்கு உள்ளேதான் 1950களின் நடுவில் புல்லட் மோட்டார் சைக்கிள் உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கூட்டுச் சேர்ந்தன. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளையும் கருவிகளையும் வரவழைத்து, 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. திருவொற்றியூரில் மட்டும் அந்த 1955ஆம் ஆண்டு வடிவம் பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. பழைய மோட்டார் சைக்கிளின் உலோகத்தை எப்படி நடத்த வேண்டும் என்ற கேள்வியோடு புறப்பட இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. பாதை இங்கிருந்து தெற்கே புதுப்பேட்டைக்கும், மேற்கே அம்பத்தூருக்கும், அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலை வழியே ராணிப்பேட்டைக்கும் போகிறது. வழி நெடுக ஒரே விஷயத்தைத்தான் சொல்ல வருகிறேன். பழைய வண்டியை மீட்கிறோம் என்று நாம் போடும் குரோம் பூச்சில் பெரும்பகுதி தேவையற்றது. அது வண்டியின் வரலாற்றை அழிக்கிறது, உலோகத்தைத் தின்கிறது, அதற்கான விலையை வண்டிக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ கட்டுகிறார்கள்.

முதலில், ஆலையிலிருந்து வெளியே வந்த நாளில் அந்த வண்டி எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள் எதுவும் முழுக்கப் பளபளத்ததில்லை. ஃபிரேம் கறுப்பு எனாமல். அடுப்பில் வைத்துச் சுட்டுக் கெட்டியாக்கிய பூச்சு அது. வார்ப்பிரும்பு பேரல் வெறும் பெயின்ட்தான். என்ஜின் கேஸிங்கில் சைடு கவர்களைப் பாலிஷ் செய்திருப்பார்கள், கீழ்ப்பகுதியை வார்த்த சொரசொரப்போடு அப்படியே விட்டிருப்பார்கள். பிரிட்டிஷ் வண்டிகளில் போல்ட்டும் நட்டும் வாஷரும் பெரும்பாலும் காட்மியம் பூசியவை. மங்கலான வெள்ளிச் சாம்பல் நிறத்தில், கண்ணைப் பறிக்காத பூச்சு. குரோம் என்பது ஹேண்டில்பார், சைலன்சர், ரிம், ஹெட்லைட் வளையம், சில மாடல்களில் டேங்கின் பக்கங்கள் என்று ஒரு சில இடங்களில் மட்டும் இருந்தது. இந்த வேறுபாட்டில்தான் அந்த வண்டியின் அழகு இருக்கிறது. கறுப்புக்குப் பக்கத்தில் குரோமும், சொரசொரப்புக்குப் பக்கத்தில் வழவழப்பும் இருக்கும்போது ஒன்றை மற்றொன்று எடுத்துக்காட்டும். இன்று மறுசீரமைத்து நிறுத்தும் வண்டிகளில் செயின் கவர், டூல் பாக்ஸ், ஷாக் அப்சார்பர் மூடி, பிரேக் பெடல், நட்டு போல்ட்டு எல்லாமே கண்ணாடியாக மின்னுகின்றன. எல்லாம் மின்னினால் எதையும் தனியாகப் பார்க்க முடிவதில்லை. அப்படியொரு வண்டியை எந்த ஆலையும் எந்த ஆண்டும் செய்ததில்லை.

உலோகத்தின் மேற்பூச்சு ஒரு காலத்தின் சாட்சியும்கூட. குரோம் பூச்சு தொழிற்சாலைகளுக்கு வந்ததே 1920களின் பின்பாதியில்தான். அதற்கு முன் மின்ன வேண்டிய இடத்தில் நிக்கல் இருந்தது. நிக்கலின் ஒளியில் இளமஞ்சள் ஓடும், குரோமின் ஒளியில் நீலம். 1924ஆம் ஆண்டு வண்டி ஒன்று குரோம் ஹேண்டில்பாரோடு கண்காட்சியில் நின்றால், தெரிந்தவர் கண்ணுக்கு அது பொய் சொல்கிறது. கொரியப் போர்க் காலத்தில் நிக்கலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, குரோமுக்கு அடியில் நிக்கல் வேண்டும் என்பதால், 1951, 52ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் ரிம்களும் டேங்குகளும் குரோம் இல்லாமல் பெயின்ட் மட்டும் கண்டு வெளிவந்தன. உலகின் ஒரு மூலையில் நடந்த போர் இன்னொரு மூலையில் ஒரு ரிம்மின் நிறத்தில் பதிந்திருக்கிறது. அந்த ரிம்மைக் குரோம் தொட்டியில் முக்குகிறவர் பதிவையே துடைத்துவிடுகிறார். ராணுவ வண்டிகளின் கதையும் இதேதான். இரண்டாம் உலகப்போரில் ஓடியவை தலை முதல் கால் வரை மங்கல் நிறம் பூசியவை. வெயிலில் மின்னும் உலோகம் எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். புல்லட்டுக்கு இந்தியாவில் வாழ்வு கிடைத்ததே ராணுவத்தின் தேவையால். ராணுவத்திலிருந்து கழித்துக் கட்டி ஏலத்தில் வந்த பச்சை வண்டியின் மட்கார்டைச் சுரண்டிக் குரோம் போடுவதை மீட்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருவொற்றியூரிலிருந்து நகரத்துக்குள் வந்து, எழும்பூரைத் தாண்டி, கூவத்தின் கரையில் இறங்கினால் புதுப்பேட்டை. பழைய வண்டிகளைக் கழற்றிப் பிரித்து விற்கும் தெருக்கள். கதவுகள் ஒரு கடை, கியர்பாக்ஸ்கள் ஒரு கடை, சைலன்சர்கள் தோரணமாகத் தொங்கும் இன்னொரு கடை. எண்ணெயும் துருவும் கலந்த கறுப்பு மண் தெரு முழுக்க. அண்ணாசாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரி பாகங்கள் கிடைக்கும், இங்கே பழையவை. புதுப்பேட்டையைக் குப்பை என்று நினைக்கிறவர்கள் அதன் அருமை அறியாதவர்கள். பழைய புல்லட்டின் பல திரெட்டுகள் அங்குலத்துக்கு 26 சுற்று என்ற பிரிட்டிஷ் சைக்கிள் அளவில் வெட்டியவை. ஹார்டுவேர் கடையில் கேட்டால் மெட்ரிக் போல்ட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். ஐம்பது வயதான போல்ட் ஒன்று தலையில் தன் ஆலை முத்திரையோடு, காட்மியம் பாதி உதிர்ந்து, இங்கே ஒரு டின்னுக்குள் கிடக்கும். அதை வாங்கிப் போகிறவர் முதல் வேலையாக என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் தடவிப் பூட்டினால் அந்த போல்ட் இன்னும் நெடுங்காலம் உழைக்கும். புதிதாகத் தெரிய வேண்டும் என்று பிளேட்டிங் பட்டறைக்குக் கொடுத்தால் முத்திரை பாதி அழிந்து திரும்பி வரும்.

ஏன் அழிகிறது என்பதை அறிய அம்பத்தூர் தொழிற்பேட்டை மாதிரியான இடங்களில் நடக்கும் வேலையைப் பார்க்க வேண்டும். மின்பூச்சு என்றால் மேலே எதையோ ஏற்றும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் பெரும்பகுதி இருப்பதை எடுக்கும் வேலை. பழைய குரோமையும் நிக்கலையும் அமிலத்திலோ எதிர்மின்னோட்டத்திலோ உரிக்க வேண்டும். துரு அரித்த குழிகளை, குழியின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள நல்ல இரும்பையும் சேர்த்துத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். பிறகு பஃபிங் சக்கரம்: முதலில் முரட்டு மணி, அப்புறம் நயம், கடைசியில் துணிச்சக்கரமும் பாலிஷ் கட்டியும். அதன்பின்தான் செம்பு, அதன்மேல் நிக்கல், அதன்மேல் குரோம். எல்லோரும் பார்த்து வியக்கும் அந்தக் குரோம் படலத்தின் கனம் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவு. அடியிலுள்ள நிக்கலோ 10 முதல் 30 மைக்ரான் வரை. கண்ணாடிப் பளபளப்பைத் தருவதும் துருவைத் தடுப்பதும் நிக்கல். அந்த நிக்கல் மங்காமல் காப்பதுதான் குரோமின் வேலை. இரண்டில் எதற்கும் குழியை நிரப்பும் சக்தி கிடையாது. அடியில் உப்புத்தாள் கீறல் ஒன்று இருந்தால் அதைப் பெரிதாக்கித்தான் காட்டும். அதனால் பூச்சு நன்றாக வர வேண்டுமென்றால் இரும்பை மேலும் தேய்க்க வேண்டியிருக்கிறது. கூர்மையான விளிம்புகள் மழுங்குகின்றன, அச்செழுத்துகள் ஆழம் குறைகின்றன, மெல்லிய தகடு இன்னும் மெலிகிறது. இரண்டு முறை, மூன்று முறை இப்படிப் போய்வந்த மட்கார்டின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல, தேய்ந்ததும் மறுபடி பூசிக்கொள்ளலாம் என்ற நினைப்பு இங்கே செல்லாது.

கண்ணுக்குத் தெரியாத சேதம் இதைவிட மோசம். அமிலத்தில் ஊறும்போதும் மின்பூச்சின்போதும் இரும்பின் பரப்பில் ஹைட்ரஜன் உருவாகிறது. அதில் ஒரு பகுதி உலோகத்துக்குள் நுழைந்துவிடும். மிருதுவான எஃகுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஸ்பிரிங், உயர் வலு போல்ட் போன்ற கடினப்படுத்திய எஃகோ நொறுங்கும் குணத்தைப் பெற்றுவிடுகிறது. பூச்சு முடிந்த சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அலங்காரப் பூச்சு போடும் பட்டறைகள் எல்லாவற்றிலும் அதற்கான அடுப்பை எதிர்பார்க்க முடியாது. அடுப்பில் வைக்காத போல்ட் பார்வைக்கு அழகாக இருக்கும். பாரம் தாங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். திரெட்டின் கதை வேறு. அதன் இரு சரிவுகளிலும் பூச்சு ஏறுவதால், பூச்சின் கனத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு அதன் விட்டம் கூடுகிறது. 10 மைக்ரான் பூச்சு, 40 மைக்ரான் தடிப்பு. நட்டு ஏறவில்லை என்று டை போட்டு மறுபடி வெட்டுவார்கள். பூசியதெல்லாம் போய், பூட்டும் இடத்தில் வெறும் இரும்பு வெளியே வரும். பூச்சின் பயன் எங்கே வேண்டுமோ அங்கேதான் அது இல்லாமல் போகிறது.

அலுமினியத்தையும் பவுடர் கோட்டிங்கையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய எனாமல் மெல்லியது. பவுடர் கோட்டிங் 60 முதல் 100 மைக்ரான் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் ஏறும். பேரிங் உட்காரும் இடங்களை மூடிவைக்காமல் அடித்தால் பேரிங் உட்காராது, எர்த் கம்பி தொடும் இடத்தில் மின்சாரம் போகாது. ஓரிடத்தில் சில்லு பெயர்ந்தால் ஈரம் அதன் அடியில் புகுந்து வெளியே தெரியாமலே பரவும். எனாமலில் துரு வந்தால் வந்த இடத்திலேயே தெரிந்துவிடும், தொட்டுத் திருத்தலாம். கேஸிங்குகளை உலர்மணல் வீசிச் சுத்தம் செய்வது அதைவிட ஆபத்து. மணல் துகள்கள் மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்துகொள்ளும். ஆயில் துவாரங்களில் ஒளிந்திருந்து, என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு பேரிங்கில் இறங்கும். அந்தத் தூசியைச் சுவாசிக்கிற தொழிலாளிக்குச் சிலிகோசிஸ் வரும் என்பதால் வார்ப்புகளை மணல் வீசித் துடைப்பதைப் பிரிட்டன் 1949லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. நீரோடு நுண்மணியைக் கலந்து வீசும் முறை நல்ல மாற்று. அதிலும், வார்ப்பின் இயல்பான மேற்பரப்பு கெடாமல் இருக்கிறது என்றால் சோப்பு நீரும் நைலான் பிரஷ்ஷும் போதும்.

பழைய பூச்சைக் காக்க வேண்டும் என்பதற்கு முதல் மறுப்பு காற்றிலிருந்தே வரும். ஐரோப்பாவின் குளிர்ந்த, உலர்ந்த அருங்காட்சியகத்தில் பழைய பூச்சை அப்படியே வைத்திருக்கலாம், உப்புக் காற்றடிக்கும் சென்னையில் அது நடக்குமா என்பார்கள். நியாயமான கேள்வி. கடலோர ஈரத்தில் குரோமின் நுண்துளைகள் வழியே நிக்கலைக் கடந்து துரு எட்டிப் பார்ப்பது உண்மை. ஆனால் அதே காற்றில்தான் புதிய பூச்சும் நிற்கப்போகிறது. நல்ல நிக்கல் அடித்தளம் கொண்ட பழைய ஆலைப் பூச்சைக் கரைத்து எறிந்துவிட்டு, செலவைக் குறைக்க நிக்கலைக் குறைத்துப் போட்ட புதுப் பூச்சை ஏற்றினால், இரண்டு மழைக்காலத்துக்குள் முன்பைவிட மோசமாகத் துருப்பிடிக்கும். பழைய குரோமில் புள்ளி புள்ளியாகத் தெரியும் துருவைப் போக்க, சமையலறை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். அலுமினியம் குரோமைவிட மெத்தென்பதால் கீறாது. கனத்த துரு என்றால் நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தில் ஊறவைக்கலாம். துருவைத் தின்னும், குரோமையும் பெயின்டையும் பெரும்பாலும் தொடாது. விஷம் என்பதால் கையுறை வேண்டும், பிள்ளைகள் எட்டாத இடம் வேண்டும். பூச்சே இல்லாத இரும்புக்குச் சலவைச் சோடா கரைத்த நீரில் பேட்டரி சார்ஜரை இணைத்துத் துருவைப் போக்கும் முறை உண்டு. அதில் எதிரே தொங்கவிடுவது சாதாரண இரும்புத் தகடாக இருக்க வேண்டும், எவர்சில்வராக இருக்கக் கூடாது. எவர்சில்வரிலுள்ள குரோமியம் கரைந்து நச்சு வடிவில் நீரில் இறங்கிவிடும். சுத்தம் செய்தபின் மெழுகோ லனோலின் கலந்த எண்ணெயோ மெல்லியதாகத் தடவி, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை புதுப்பித்தால் கடற்கரை ஊரிலும் பழைய உலோகம் நிற்கும். மாதம் ஒரு துணி பிடிக்கும் அக்கறை இல்லாதவருக்குப் புதுக் குரோமும் நிலைக்காது.

இரண்டாவது மறுப்பு மனத்திலிருந்து வருகிறது. இது மதிக்க வேண்டிய மறுப்பு. அப்பாவோ தாத்தாவோ ஷோரூமிலிருந்து ஓட்டிவந்த நாளில் அந்த வண்டி புதிதாகத்தானே மின்னியது, அந்த நாளைத் திரும்பக் கொண்டுவர நினைப்பது தவறா என்று கேட்கிறார்கள். தவறில்லை. ஆனால் அந்த நாளில் மின்னியது வேறொரு பரப்பு. அதைக் கரைத்துவிட்டு இன்னொன்றை மின்ன வைப்பதால் அந்த நாள் திரும்புவதில்லை. அப்பாவின் முழங்கால் உரசி உரசி டேங்கில் தேய்ந்த இடமும், கிக்கரில் செருப்பு பட்டு வழவழப்பான விளிம்பும்தான் அவர் அந்த வண்டியை ஓட்டினார் என்பதற்கு எஞ்சியிருக்கும் அடையாளம். உலகத்தின் ரசனையும் இந்தப் பக்கம் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கார் கண்காட்சி, அதுவரை மறுசீரமைப்பின் பளபளப்புக்கே பரிசு கொடுத்துவந்த இடம், 2001இல் கைபடாமல் காத்துவைத்த கார்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. இந்தியாவில் 2021இல் வந்த மோட்டார் வாகன விதித்திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, சேசிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் என்று ஏற்று, ‘விஏ’ எழுத்துகளோடு தனிப் பதிவெண் தருகிறது. அந்த விதி மேற்பூச்சைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பேன். மூல வடிவத்தை முதலில் இழப்பது மேற்பரப்பில்தான்.

மூன்றாவது மறுப்பு வயிற்றைப் பற்றியது. எல்லோரும் பழைய பூச்சைக் காப்பாற்றத் தொடங்கினால் பஃபிங் சக்கரத்தின் முன் நின்று பிழைப்பவர் என்ன செய்வார்? இதைக் கேட்காமல் போகிற கட்டுரைக்கு மதிப்பில்லை. ஆனால் அந்தத் தொழிலாளி எதன் நடுவே நிற்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். குரோம் தொட்டியில் போகும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் குரோமைப் படியவைக்கிறது. மீதி பெரும்பாலும் ஹைட்ரஜன் குமிழிகளாகக் கிளம்புகிறது. குமிழிகள் வெடிக்கும்போது குரோமிக் அமிலம் மூடுபனியாக மேலே எழும்பும். அதிலுள்ள ஆறிணைதிறன் குரோமியம் மனிதருக்கு நுரையீரல் புற்றுநோய் உண்டாக்குவது என்று நிறுவப்பட்ட பொருள். மூக்கின் நடுச்சுவரில் துளை விழுவதும், தோலில் ஆறாத ஆழமான புண்கள் வருவதும் இந்தத் தொழிலின் நோய்களாக மருத்துவ நூல்களில் நெடுங்காலமாகப் பதிவாகியிருக்கின்றன. காப்பாற்றும் வேலையில் கைவேலை குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. ஒரு ரிம்மைத் தொட்டியில் முக்கி எடுப்பதைவிட, இருக்கும் பூச்சைக் கெடுக்காமல் ஸ்போக் ஸ்போக்காகச் சுத்தம் செய்ய அதிக நேரமும் தேர்ந்த கையும் வேண்டும். திருவொற்றியூரில் புல்லட்டின் டேங்கில் தங்கக் கோடுகளைப் பிரஷ்ஷால் கையாலேயே இழுத்தவர்களைப் பற்றி உலகெங்கும் எழுதினார்கள், படம் எடுத்தார்கள். அந்தக் கைக்குக் கொடுத்த மதிப்பில் ஒரு பங்கைப் பழைய பரப்பைக் காக்கும் கைக்கும் கூலியாகக் கொடுத்தால் பிழைப்புக்குக் குறைவு வராது. கொடுக்க வேண்டியவர் வண்டி உடைமையாளர். பூச்சுக்குக் கொட்டும் பணத்தை உழைப்புக்கு மாற்றிவிட அவருக்கு மனம் வேண்டும்.

அம்பத்தூரிலிருந்து மேற்கே திரும்பி நெடுஞ்சாலையைப் பிடித்தால், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் முழுக்க வாகன ஆலைகள். ராயல் என்ஃபீல்டும் 2013இல் ஒரகடத்துக்கும், 2017இல் வல்லம் வடகாலுக்கும் பெரிய ஆலைகளோடு வந்துவிட்டது. ஏரிகள் வலப்பக்கமும் இடப்பக்கமுமாக வந்து போகின்றன. நெல்வயல்களுக்கு நடுவில் நீல நிறக் கூரைகள் நீள்கின்றன. காஞ்சிபுரம் பிரிவைத் தாண்டி, வாலாஜாபேட்டை வந்ததும் பாலாற்றின் அகலமான மணல். அதன் பக்கத்தில் ராணிப்பேட்டை. 2019இல் தனி மாவட்டத்தின் தலைநகரான இந்த ஊரை மோட்டார் சைக்கிள் பயணிகள் பெங்களூருக்கோ ஏலகிரிக்கோ போகும் வழியில் வேகமாகக் கடந்துவிடுவார்கள். பழைய வண்டிக்குக் குரோம் போட நினைக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இங்கே வண்டியை நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். இங்குள்ள சிப்காட் வளாகத்தில் 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடிய ஒரு குரோமேட் ஆலை, லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவை வெட்டவெளியில் விட்டுச் சென்றது. மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. நிலத்தடி நீரில் இறங்கியது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தச் சுற்றுவட்டாரத்துக் கிணற்று நீரைச் சோதித்த ஆய்வுகள் அந்த எல்லையைப் பன்மடங்கு தாண்டிய அளவுகளைப் பதிவு செய்திருக்கின்றன. 2006இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது.

இங்கே எழும் மறுப்பைத் தட்டிக் கழிக்க நான் விரும்பவில்லை. ராணிப்பேட்டைக் கழிவு தோல் பதனிடும் உப்புக்காக வந்தது, மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாருக்காக அல்ல என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது பெருமளவு சரி. இந்த ஊரின் வரலாறு தோலின் வரலாறு. ஆனால் வேதியியல் பாதை ஒன்றே. குரோமைட் தாதுவைச் சோடாவோடு சேர்த்து வறுத்து எடுப்பது சோடியம் குரோமேட், அதிலிருந்து டைகுரோமேட். டைகுரோமேட்டிலிருந்து ஒரு கிளை தோல் தொட்டிக்குப் போகிறது, இன்னொரு கிளை குரோமிக் அமிலமாகிப் பிளேட்டிங் தொட்டிக்குப் போகிறது. கிளைக்குக் கிளை பொறுப்பின் அளவு மாறும்; வேரிலிருந்து யாரும் விலகிவிட முடியாது. ஒரு வண்டிக்கு எவ்வளவு குரோம் ஆகிவிடப்போகிறது, சில கிராம்தானே என்றும் கேட்பார்கள். பூச்சில் ஒட்டுவது சில கிராம்தான். தொட்டியிலிருந்து எடுக்கும்போது பாகத்தோடு ஒட்டிவந்து கழுவுநீரில் போகும் அமிலம், உரித்தெடுத்த பழைய பூச்சு, காலாவதியான கரைசல், இவையும் கணக்கில் சேரும். கழுவுநீரை ஒழுங்காகச் சுத்தம் செய்ய வழி இருக்கிறது: அமிலநிலையில் பைசல்ஃபைட் சேர்த்து ஆறிணைதிறன் குரோமியத்தை முவ்விணைதிறனாக மாற்றி, சுண்ணாம்பிட்டு வீழ்படிவாக்கி, அந்தச் சேற்றை அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அதற்கென்றே ஓர் அடக்க நிலம் இருக்கிறது. இந்தப் படிகளைச் செய்யும் பட்டறையின் கூலி அதிகமாகத்தான் இருக்கும். பக்கத்துச் சந்தில் பாதி விலைக்குக் குரோம் போட்டுத் தருகிறார்கள் என்றால் மீதிப் பாதியை எந்த வாய்க்கால் கட்டுகிறது என்று யோசித்தாக வேண்டும்.

குரோமே கூடாது என்பது என் தரப்பல்ல. துரு நிக்கலைத் தாண்டி இரும்பை அரித்துவிட்ட ஹேண்டில்பார், செதில் செதிலாக உரிந்து கையைக் கிழிக்கும் கிராஷ் கார்டு, தண்ணீர் இறங்கி உளுத்த சைலன்சர் ஆகியவற்றுக்கு மறுபூச்சோ மாற்றுப் பாகமோ வேண்டியதுதான். அரித்த ஸ்போக்கையும் குழி விழுந்த ஃபோர்க் குழாயையும் வரலாறு என்று சொல்லிப் பூட்டி ஓட்டக் கூடாது. உயிர் அதைவிடப் பெரிது. ஆலையில் குரோம் இருந்த இடத்தில், அது மீட்க முடியாமல் அழிந்திருந்தால், குரோம் போடுங்கள். அங்கும் முவ்விணைதிறன் குரோமியக் கரைசலில் பூசும் பட்டறை கிடைக்குமா என்று தேடுங்கள். நிறத்தில் மெல்லிய வேறுபாடு இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் கண்ணுக்கே அது தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியாது. கலிஃபோர்னியாவோ அலங்காரப் பூச்சில் ஆறிணைதிறன் குரோமியத்தை 2027 முதல் தடை செய்ய 2023இல் முடிவெடுத்தது. காட்மியம் இருந்த போல்ட்டுக்குக் காட்மியமே வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். அதுவும் கொடிய நஞ்சு. வெள்ளை பாசிவேஷன் செய்த துத்தநாகப் பூச்சு பார்வைக்கு அதை நெருங்கிவிடும். மஞ்சள் பாசிவேஷனைத் தவிர்க்கலாம். பழைய முறையில் அந்த மஞ்சளும் ஆறிணைதிறன் குரோமியத்தின் மஞ்சள்தான்.

வண்டியைப் பிரித்துப் பாகங்களைச் சாக்கில் கட்டிப் பட்டறைக்கு எடுத்துப் போவதற்கு முன், ஒவ்வொன்றையும் இருக்கும் நிலையிலேயே படம் எடுத்து வையுங்கள். அழுக்குக்கு அடியில் மூலப் பூச்சு என்ன என்று, கிளாம்ப் மூடியிருந்த ஓரத்தில் விரல்நுனி அளவு துடைத்துப் பாருங்கள். அங்கே நல்ல உலோகம் தெரிந்தால் அந்தப் பாகத்தைச் சாக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சமிருப்பதைப் பட்டறையில் கொடுக்கும்போது கழுவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். தொட்டியையும் சுத்திகரிப்பையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.